பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்: இன்ஜின் மாற்றத்துக்கு ஒரு பிக்கப் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வழி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பழைய கார் ஒன்றுக்குப் புது வலு ஏற்றுவதற்காக நாம் தேடும் கொடை வண்டிக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. இதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கணினி என்று அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் இன்னோர் உடலுக்குள் போய் உயிரோடு இயங்க வேண்டும். ஆகவே பல், குளம்பு, வால் எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான் முதன்முதலில் வாங்கியது முழு வண்டி அல்ல. மரப்பலகை மேல் கட்டி வைத்திருந்த ஓர் இன்ஜின். விலை குறைவு, வெளியே பளபளப்பு, "கழற்றும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது" என்ற உறுதிமொழி. வயரிங் ஹார்னஸை, அதாவது மின்கம்பிக் கட்டை, கட்டிங் பிளேயரால் நறுக்கியிருந்தார்கள். ஆக்சிலரேட்டர் பெடல் இல்லை, கணினி இல்லை, டார்க் கன்வர்ட்டர் இல்லை, ஒரு பிராக்கெட்கூட இல்லை. விடுபட்டதை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி முடித்தபோது, ஓடும் பிக்கப் ஒன்றையே வாங்கியிருக்கக்கூடிய தொகை கைவிட்டுப் போயிருந்தது. அதன் பிறகுதான் முதன்முறையாகச் சாவியைத் திருப்பினேன்; ஆயில் அழுத்தம் ஏறவில்லை.

அன்றிலிருந்து என் நிலைப்பாடு ஒன்றுதான். கியர்பாக்ஸோடும் கணினியோடும் உங்கள் கண்ணெதிரே ஓடிக் காட்டும் 4.8 லிட்டர் வண்டி, பலகை மேல் கிடக்கும் 6.0 லிட்டர் இன்ஜினைவிட மேல். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளம்பியவை.

ஏன் பிக்கப்?

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப் வண்டிகள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விற்கின்றன. அதே விகிதத்தில் காயலான் கடைக்கும் வருகின்றன. இதைவிட முக்கியமான காரணம் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1997 கார்வெட் காரில் எல்எஸ்1 என்ற அலுமினிய வி8 (எட்டுச் சிலிண்டர் இன்ஜின்) அறிமுகமானது. 1999 முதல் அதே குடும்பத்து இன்ஜினை, பெரும்பாலும் வார்ப்பிரும்பு பிளாக்கோடு (சிலிண்டர்களைத் தாங்கும் உடல்), சில்வராடோ, சியரா பிக்கப்களிலும் வைத்தார்கள். சிலிண்டர்களுக்கு இடையிலான தூரம், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் அடிப்படை வடிவம், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அமைப்பு எல்லாம் ஒன்றே. பந்தயக் காரின் தம்பி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம். கேம்ஷாஃப்டை மாற்றி வால்வு ஸ்பிரிங்குகளையும் மாற்றினால் அந்தத் தம்பி அண்ணனுக்கு ஈடுகொடுத்து ஓடுவான்.

முதல் படி: உங்கள் காரை அளந்த பிறகு பிக்கப்பைத் தேடுங்கள்

பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மலிவாக ஒரு பிக்கப் கிடைத்ததும் வாங்கிவிட்டு, பிறகு பானெட்டைத் திறந்து டேப்பைப் பிடிக்கிறார்கள்.

மூன்று இடங்களை அளக்க வேண்டும். முதலாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப். பிக்கப் இன்ஜினின் சம்ப் ஆழமானது. தரையிலிருந்து உயரமாக நிற்கும் வண்டிக்காக வடிவமைத்தது. தாழ்ந்த காரில் அது குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அல்லது வேகத்தடையில் உரசும். இரண்டாவது உயரம். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிபோல்ட் பிக்கப்பில் ஓங்கி நிற்பது. பானெட் மூடாமல் போகலாம். மூன்றாவது இன்ஜினின் முன்பக்கம். பெல்ட் ஓடும் தளம் கார்வெட்டில் பிளாக்கை ஒட்டியும், கமாரோவில் சற்றுத் தள்ளியும், பிக்கப்பில் இன்னும் தள்ளியும் இருக்கும். ரேடியேட்டருக்கு இடம் குறைவான காரில் அந்தச் சில சென்டிமீட்டர்கள் பெரிய தலைவலி.

இவை மூன்றுக்கும் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. சம்ப், மேனிபோல்ட், முன்பக்கப் பெல்ட் அமைப்பு மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் பிக்கப்பின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எடையையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். வார்ப்பிரும்பு பிளாக் அலுமினிய பிளாக்கைவிடச் சுமார் 40 கிலோ கூடுதல். நேர்கோட்டில் பாய்வதற்கான கார் என்றால் கவலைப்பட வேண்டாம். டர்போ பூட்டப் போகிறீர்கள் என்றால் இரும்பே நல்லது. வளைவுகளில் ஓட்டுவதற்கான சிறிய கார் என்றால் மூக்கில் ஏறும் அந்த 40 கிலோவை ஸ்டீயரிங்கில் உணர்வீர்கள்.

இன்னொன்று: உங்கள் கார் பின்சக்கர இயக்கம் என்றால் இருசக்கர இயக்கப் பிக்கப்பைத் தேடுங்கள். நான்குசக்கர இயக்கப் பிக்கப்பின் கியர்பாக்ஸ், முன்சக்கரங்களுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் சொருகுவதற்கான வேறு வகை வெளியீட்டு ஷாஃப்டோடு வரும். அதை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: எந்த இன்ஜின்?

1999 முதல் 2007 வரையான ஜிஎம் பிக்கப்களில் 4.8, 5.3, 6.0 லிட்டர் என மூன்று அளவுகள் முக்கியம். 4.8, 5.3 இரண்டுக்கும் பிளாக் ஒன்றே, சிலிண்டர் விட்டமும் 96 மில்லிமீட்டர் என்று ஒன்றே. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில்தான் வேறுபாடு: 4.8க்கு 83 மில்லிமீட்டர், 5.3க்கு 92. 6.0 இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 101.6 மில்லிமீட்டர்.

எல்எம்7 என்ற குறியீடுள்ள 5.3தான் எங்கும் கிடைப்பது. ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன். முதல் மாற்றத்துக்கு இதற்குமேல் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. 4.8ஐ ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஏளனத்தால் அதன் விலை இறங்கியிருப்பது நமக்கு நல்லது. டர்போ பூட்டுபவர்களுக்கு 4.8 கிடைத்தால் கொண்டாட்டம்.

6.0இல் எல்க்யூ4, எல்க்யூ9 என இரண்டு வகைகள் புகழ்பெற்றவை. எல்க்யூ9 கூடுதல் அழுத்த விகிதமும் 345 குதிரைத்திறனும் கொண்டது. எஸ்கலேட் என்ற சொகுசு வண்டியில் வந்தது என்பதாலேயே விலை ஏறிவிட்டது. எல்க்யூ4 வாங்கும்போது 1999, 2000 ஆண்டுகளைக் கவனியுங்கள். அவற்றில் ஹெட்டும் இரும்பு; கிராங்ஷாஃப்டின் பின்விளிம்பும் சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். வேறு கியர்பாக்ஸோடு சேர்க்கும்போது அந்த 10 மில்லிமீட்டர் கணக்கைக் குழப்பிவிடும்.

தேடி அலைய விருப்பமுள்ளவர்களுக்கு எல்33 என்று ஒன்று இருக்கிறது. 2005 முதல் 2007 வரை வந்த, அலுமினிய பிளாக் கொண்ட 310 குதிரைத்திறன் 5.3. நீட்டித்த கேபின் கொண்ட நான்குசக்கர இயக்கப் பிக்கப்களில்தான் வந்தது. அதாவது எடை குறைவான இன்ஜின் வேண்டுமென்றால், மேலே நான் வேண்டாம் என்ற கியர்பாக்ஸும் கூடவே வரும். எல்லாம் ஒரே வண்டியில் கிடைத்துவிடாது.

2007இல் வந்த புதிய தலைமுறையில் இரண்டு மாற்றங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கிராங்ஷாஃப்டின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் பல்சக்கரம். பழையதில் 24 பல் வகை, புதியதில் 58 பல் வகை. பழைய கணினிக்குப் புதிய இன்ஜினின் மொழி புரியாது. நடுவே மொழிபெயர்ப்புப் பெட்டி வைக்க வேண்டும், அல்லது கணினியை மாற்ற வேண்டும். பார்வையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. பழைய இன்ஜினில் கிராங்க் சென்சார் கறுப்பு நிறம், கேம் சென்சார் இன்ஜினின் பின்புறம் மேலே இருக்கும். புதியதில் கிராங்க் சென்சார் சாம்பல் நிறம், கேம் சென்சார் முன்பக்க டைமிங் மூடியில் இருக்கும்.

இரண்டாவது மாற்றம், சுமை குறைவாக இருக்கும்போது நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் அமைப்பு. எரிபொருள் மிச்சம் என்ற பெயரில் 1, 4, 6, 7ஆம் சிலிண்டர்களின் லிஃப்டர்களை (வால்வைத் தூக்கும் உறுப்புகள்) துண்டிக்கும். அந்தச் சிறப்பு லிஃப்டர்கள் பழுதாகும்போது கேம்ஷாஃப்டையும் அரித்துவிட்டே போகும். இந்த அமைப்புள்ள 5.3ஐ வாங்கினால் லிஃப்டர், கேம்ஷாஃப்ட், இன்ஜினின் நடுப்பள்ளத்தை மூடும் நடுமூடி மூன்றையும் மாற்றும் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவிடுங்கள். 4.8இல் இந்த அமைப்பு ஒருபோதும் வந்ததில்லை. கனரகப் பிக்கப்களில் வந்த எல்ஒய்6 என்ற 6.0இலும் இல்லை.

2014 முதல் இலகு ரகப் பிக்கப்களில் வந்த ஜிஎம் வி8 நேரடி எரிபொருள் பீய்ச்சல் கொண்ட வேறு சாதி. முதல் முயற்சிக்கு அதைத் தொட வேண்டாம். ஃபோர்டு எஃப்-150இல் 2011 முதல் வந்த 5.0 கொயோட்டி அருமையான இன்ஜின்தான். ஆனால் ஹெட்டுக்கு இரண்டாக நான்கு கேம்ஷாஃப்ட் சுமப்பதால் அகலம் மிக அதிகம். பழைய கார்கள் பலவற்றில் பக்கச் சுவரை வெட்டாமல் இறங்காது. ராம் பிக்கப்பின் 5.7 ஹெமிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் போல்ட் முறிவதும் லிஃப்டர் தேய்வதும் அதன் பழக்கமான நோய்கள். இவற்றில் ஒன்றை விரும்பினாலும் கீழே வரும் சோதனை முறை அப்படியே பொருந்தும்.

மூன்றாம் படி: வண்டி சொல்வதை நம்புங்கள், விற்பவர் சொல்வதை அல்ல

17 எழுத்து வின் எண்ணின் (வாகன அடையாள எண்) 8ஆவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 1999 முதல் 2007 வரையான பழைய தலைமுறை ஜிஎம் பிக்கப்களில் வி என்றால் 4.8, டி (T) என்றால் எல்எம்7, இசட் என்றால் எத்தனால் கலந்த எரிபொருளிலும் ஓடும் 5.3, பி (இரண்டாம் ஆங்கில எழுத்து) என்றால் எல்33, யு என்றால் எல்க்யூ4, என் என்றால் எல்க்யூ9. 10ஆவது எழுத்து மாடல் ஆண்டு: எக்ஸ் 1999, ஒய் 2000, அதன்பின் 1 முதல் 9 வரை 2001 முதல் 2009.

பிறகு கையுறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தொழிற்சாலையில் பொருத்திய ஒவ்வொரு அம்சத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு அச்சிட்ட ஒட்டி அங்கே இருக்கும். எம்30 இருந்தால் 4எல்60-இ கியர்பாக்ஸ், எம்டி1 இருந்தால் 4எல்80-இ. ஜி80 இருந்தால் பின் ஆக்சிலில் பூட்டும் டிஃபரன்ஷியல். ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10 ஆக்சில் கியர் விகிதம். வண்டியின் ஜாதகமே அந்த ஒட்டிதான். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை தொழிற்சாலையில் இருந்த நிலையைச் சொல்கின்றன. இடையில் இன்ஜின் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்காது. 4.8ஐ 5.3 என்று விற்பது இந்த வியாபாரத்தின் மிகப் பழைய தந்திரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிறவிகள், பிளாக்கில் வார்த்திருக்கும் எழுத்தே இரண்டு அளவையும் சேர்த்துச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு பிளக்கைக் கழற்றி, மென்மையான பிளாஸ்டிக் குச்சியைத் துளைக்குள் விட்டு, கிராங்ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்றி, குச்சி ஏறி இறங்கும் தூரத்தைக் குறியுங்கள். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அளவு துல்லியமாக வராது. ஆனாலும் 83க்கும் 92க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

நான்காம் படி: பத்திரம்

சலிப்பான பகுதிதான், ஆனால் தவிர்க்க முடியாது. உரிமைப் பத்திரம் இல்லாத வண்டி வேண்டாம். இன்ஜினை எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டை விற்கவோ காயலான் கடைக்குத் தள்ளவோ பத்திரம் தேவை. வின் தகடும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் தேசிய வாகன உரிமைத் தகவல் முறையின் அறிக்கையைச் சிறு கட்டணத்தில் பெறலாம். வெள்ளத்தில் மூழ்கியது, காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டமாக எழுதிவிட்டது போன்ற முத்திரைகளை அது காட்டும்.

புகைச் சோதனை உள்ள மாநிலத்தில் கார் ஓடப்போகிறது என்றால், பிக்கப் வாங்குவதற்கு முன்பே விதியைப் படியுங்கள். கலிபோர்னியாவில் மாற்றி வைக்கும் இன்ஜின், ஏற்கும் காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். அதன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் எல்லாம் கூடவே வர வேண்டும். கனரகப் பிரிவில் சான்று பெற்ற இன்ஜினை இலகு ரகக் காரில் வைக்க முடியாது. கனரகப் பிக்கப்பிலிருந்து எடுத்த 6.0 அங்கே சிக்கலில் மாட்டுவது இதனால்தான். 1975 அல்லது அதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு அந்த மாநிலத்தில் புகைச் சோதனை இல்லை.

ஐந்தாம் படி: எந்த விதமான சாவு நல்லது?

கொடை வண்டி ஏதோ ஒரு காரணத்தால்தான் மலிவாகிறது. எந்தக் காரணம் என்பதே கேள்வி.

என் முதல் விருப்பம் துருப்பிடித்த வண்டி. பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவும் வட மாநிலங்களில், இன்ஜின் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே வண்டியின் அடிச்சட்டமும் பிரேக் குழாய்களும் அரித்துப்போகும். அடிச்சட்டம் செத்த வண்டியை யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் சோதனைக்குச் சாவியைத் திருப்பினால் ஓடும். என்ன, எக்ஸாஸ்ட் போல்ட்களைக் கழற்றும்போது பாதி முறிந்து கையோடு வரும். பொறுமை வேண்டும்.

அடுத்தது பின்பக்கம் மோதிய வண்டி. இன்ஜின் பக்கம் தொட்டிருக்காது. பின் ஆக்சில் வேண்டுமென்றால் மட்டும் கவனம்.

முன்பக்கம் மோதியது எனில் கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், சம்ப், முன்பக்க ஹார்னஸ் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் உடைந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள். பதில் வராது; ஆனாலும் கேளுங்கள், முகம் சொல்லும்.

உருண்டு கவிழ்ந்த வண்டியில் ஆயில் சிலிண்டர்களுக்குள் இறங்கியிருக்கலாம். பிளக்குகளை எல்லாம் கழற்றாமல் அதை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தீப்பிடித்ததும் வெள்ளத்தில் மூழ்கியதும் பேச்சுக்கே வேண்டாம். வெள்ள வண்டியின் இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் கனெக்டர்களுக்குள் பச்சை பூத்த ஹார்னஸ் இரண்டு வருடம் உங்களைத் தூங்கவிடாது. இருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கி, போல்ட் தலைகளில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: குளிர்ந்த இன்ஜினைப் பாருங்கள்

சந்திக்கும் நேரத்தைச் சொல்லும்போதே "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் கை வைப்பது. சூடாக இருந்தால், எதையோ மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள். நான் இரண்டு முறை அங்கிருந்தே திரும்பியிருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் டிக்டிக் ஒலிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஹெட்டின் கடைசி எக்ஸாஸ்ட் போல்ட் முறிந்து காற்று கசிந்தால் குளிரில் டிக்டிக் என்று கேட்டு, இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கும். இது இந்த இன்ஜின்களின் பிறவிக்குணம். விலை பேச உதவும், அவ்வளவுதான். பிஸ்டன் தளர்ந்து தட்டும் ஒலியும் குளிரில் மட்டும் வரும். அதுவும் பெரும்பாலும் தீங்கற்றது. சூடான பிறகும் விடாமல் தட்டுவது லிஃப்டர். கீழிருந்து வரும் கனத்த தட்டல் பேரிங். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஆயில் அழுத்தத்தை டேஷ்போர்டு முள்ளை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அந்த சென்சார் அடிக்கடி பொய் சொல்லும். முடிந்தால் ஒரு மெக்கானிக்கல் கேஜ் கொண்டுபோங்கள். சூடான இன்ஜினுக்கு ஜிஎம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1,000 சுற்றில் 6 பிஎஸ்ஐ, 2,000இல் 18, 4,000இல் 24. நல்ல இன்ஜின் இதைவிட வெகு மேலே நிற்கும். விளிம்பில் நின்றால் விட்டுவிடுங்கள். ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் சுருங்கியதால் அழுத்தம் குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த நம்பிக்கையில் காசைக் கொடுப்பது சீட்டாட்டம்.

கூலன்ட் மெல்லக் குறைகிறது, வெளியே கசிவு இல்லை என்றால் ஹெட்டைச் சந்தேகியுங்கள். 5.3இல் 706 என்ற வார்ப்பு எண் கொண்ட ஹெட்களில் காஸ்டெக் என்ற வார்ப்பகத்தின் முத்திரையுள்ளவை விரிசல் விடுவதில் பேர்போனவை. வால்வு மூடியின் உள்ளே சாம்பல் கூழ் படிந்திருந்தால் அதுதான் சாட்சி.

பிறகு வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுங்கள். 1996 முதல் அமெரிக்கச் சந்தையின் எல்லாக் கார்களிலும் இலகு ரகப் பிக்கப்களிலும் ஒரே வகைச் சோதனைச் செருகி இருக்கிறது. கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை என்று மகிழ்ந்துவிடாதீர்கள். சுயசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் யாரோ சற்று முன்புதான் நினைவை அழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை முறை எரியத் தவறியது என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். பி1870 (P1870) என்ற குறியீடு வந்தால் 4எல்60-இ கியர்பாக்ஸ் உள்ளே வழுக்குகிறது என்று பொருள்.

கம்ப்ரஷன் சோதனைக்கு விற்பவர் ஒப்புக்கொண்டால் எட்டுச் சிலிண்டரையும் அளந்துவிடுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிக அளவின் 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது; எந்தச் சிலிண்டரும் 100 பிஎஸ்ஐக்குக் கீழே வரக் கூடாது.

ஓடிய தூரத்துக்கு அடிமையாக வேண்டாம். 2003க்குப் பிந்தைய சில்வராடோக்களில் இன்ஜின் ஓடிய மணிநேரத்தையும் பார்க்க முடியும். 1,50,000 மைல், 5,000 மணி என்றால் சராசரி மணிக்கு 30 மைல். நெடுஞ்சாலையும் ஊரும் கலந்து வாழ்ந்த வண்டி. அதே தூரத்துக்கு 10,000 மணி என்றால், வேலைத்தளங்களில் நின்றபடியே பாதி ஆயுளைக் கழித்திருக்கிறது. பின்னதில் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏழாம் படி: கியர்பாக்ஸும் ஆக்சிலும்

1500 வரிசைப் பிக்கப்களில் வரும் 4எல்60-இ எளிதில் கிடைப்பது, அளவில் சிறியது. அதன் பலவீனம் மூன்று, நான்காம் கியர்களுக்கான கிளட்ச் தொகுதி. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் நொடியில் இன்ஜின் வேகம் சும்மா எகிறினால் அந்தக் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. ஆயில் கறுத்துக் கருகல் வாசனை அடித்தால் போய்விட்டது. 2500எச்டி போன்ற கனரகப் பிக்கப்களில் 6.0ஓடு வரும் 4எல்80-இ மிகவும் வலுவானது. டர்போவின் அடியைத் தாங்கும். ஆனால் பருமன் அதிகம், பழைய காரின் நடுச்சுரங்கத்தைச் சுத்தியலால் கெஞ்ச வேண்டியிருக்கும். 2007க்குப் பின் வந்த ஆறு கியர் 6எல்80இன் கணினி கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. இன்ஜின் கணினியும் அதுவும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வந்தால் வேலை எளிது.

முழு அளவுப் பிக்கப்பின் பின் ஆக்சில் பெரும்பாலான கார்களுக்கு அகலம் கூடுதல். சக்கர போல்ட்களும் ஆறு அல்லது எட்டு. இன்னொரு பிக்கப்புக்குள் மாற்றுபவர்களுக்கு மட்டுமே அது லாபம்.

எட்டாம் படி: கழற்றும் நாள்

எதையும் வெட்டாதீர்கள். ஹார்னஸின் ஒவ்வொரு செருகியையும் நிதானமாகப் பிரித்து, சீட்டு ஒட்டி, படம் எடுத்து வைக்க வேண்டும். 2003 முதல் பெரும்பாலும் கம்பி இல்லாத மின்னணு த்ராட்டில் என்பதால் த்ராட்டில், பெடல், அவற்றுக்கு நடுவே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, கணினி நான்கும் ஒரே குடும்பம். ஒன்று வேறு ஆண்டிலிருந்து வந்தால் மற்றவை பேச மறுக்கும். கணினியில் திருட்டுத் தடுப்புப் பூட்டும் இருக்கும். மாற்றி எழுதும்போது அதை நீக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நொடி ஓடி அணைந்துவிடும்.

டார்க் கன்வர்ட்டரை கியர்பாக்ஸோடும் ஃப்ளெக்ஸ்பிளேட்டை இன்ஜினோடும் அவற்றின் போல்ட்களோடும் வைத்திருங்கள். காற்று அளவுமானி, ஆக்சிஜன் சென்சார்கள், கியர்பாக்ஸ் கூலர் குழாய்கள், டிப்ஸ்டிக், அதன் குழாய், ஸ்டார்ட்டர், மின்விசிறிச் செருகிகள், பியூஸ் பெட்டி, புரொபெல்லர் ஷாஃப்டின் முன்முனை எல்லாம் தேவைப்படும். தேவைப்படாது என்று தோன்றும் பிராக்கெட்டை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கார் ஓடி ஒரு வருடமான பிறகு தூக்கிப்போடலாம். ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். முறையாக உறிஞ்சி எடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.

மிஞ்சும் கதவு, டெயில்கேட், விளக்குகள், இருக்கை, சக்கரங்களை உதிரியாக விற்றால் போட்ட காசில் பாதிகூடத் திரும்பி வரலாம். துரு வண்டியில் டெயில்கேட்டும் உள்ளலங்காரமும்தான் போகும். நான் இந்த வரவை ஒருபோதும் முன்கூட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. விற்கும் வரை முற்றத்தில் கிடக்கும் கூட்டைப் பார்த்து வீட்டார் கேட்கும் கேள்விகளுக்கும் ஒரு விலை உண்டு.

முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி. பிக்கப்பை முழுச் சூடாகும்வரை ஓட்டி, ஸ்கேனரில் பதிவு எடுங்கள்: நின்றபடி ஓடும்போதும் 2,000 சுற்றிலும் ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம், எரிபொருள் திருத்தம், காற்று அளவு, த்ராட்டில் கோணம். அந்தக் கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். பல மாதம் கழித்து, புதுக் கூட்டுக்குள் அந்த இன்ஜின் முதன்முறை இருமிக்கொண்டு எழும்போது, கோளாறு இன்ஜினிலா உங்கள் வயரிங்கிலா என்று இரவு பதினொரு மணிக்கு உங்களுக்குச் சொல்லப்போவது அந்தக் கோப்பு மட்டும்தான்.